பால் நிறத்து ரத்தம்

ரத்தம் சிவப்பு என்று நாற்பத்தேழு வயது வரை நம்பியிருந்தேன். அதை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஜன்னலோரம் அசையாமல் நிறுத்தினால், சிவப்பெல்லாம் உறைந்து அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த நீர் ஒன்று நிற்கும், அது காய்ந்த வைக்கோலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன். என் குழாயில் அப்படி நிற்கவில்லை. அரிசியை முதல் தரம் கழுவிய தண்ணீர் போல, வெள்ளையாக நின்றது.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் நான் சாகப் போகிறவனாக இருந்தேன். அந்த நாட்களை எழுதிவைக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேறு யாராவது அப்படி ஒரு கட்டிலில் கிடக்க நேர்ந்தால், அவருக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் இது உதவும்.

எனக்கு ஊர் சங்ககிரி. எடப்பாடி, குமாரபாளையம் தறிகளில் வேட்டியும் துண்டும் வாங்கிச் சேலத்துக் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. முன்பெல்லாம் நடைதான். தோளில் துணி மூட்டை, காலில் புழுதி, தலைக்கு மேல் வெயில். ஓரிடத்தில் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். அடுத்த பனை வரை, அடுத்த கிணறு வரை என்று போய்க்கொண்டே இருப்பேன். மேட்டூரில் அணை எழும்பிய வருஷங்களில் பாதை சீர்ப்பட்டது, பஸ் வந்தது, நடை போயிற்று. தறிக்காரர் வீடுகளில் இலை போடுவது மட்டும் போகவில்லை. ஒரு வீட்டில் தின்று மறு வீட்டில் மறுத்தால் மறு வீட்டார் முகம் சுருங்கிவிடும். ஆக எல்லா வீட்டிலும் தின்றேன். ஐந்து வருஷத்தில் மூன்று தரம் சட்டையைப் பெரிதாகத் தைக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் எடப்பாடியில் மேட்டுத் தெருவொன்றில் ஏறுகையில் உள்ளேயிருந்து ஒரு கை நெஞ்சைப் பிழிந்தது. வலி இடது தோளில் ஏறி, கையில் இறங்கி, சுண்டுவிரலில் போய் நின்றது. யார் வீட்டு வாசலோ, உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல வலி போய்விட்டது.

என் அண்ணனும் அப்படித்தான் முதல் தரம் உட்கார்ந்தார். மூங்கில் மாதிரி மெலிந்த மனிதர். இரண்டாம் தரம் சந்தையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு.

என் மனைவி பாவாயி அந்த வயதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சங்கதியைக் கேட்டதும் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவைத்தாள். "நாளைக்கு மொத பஸ்ஸுல சேலம் போறமுங்க" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மதராசில் படித்தவர். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். எடை பார்க்க ஆஸ்பத்திரித் தராசு பழுது. பக்கத்து நூல் மண்டியிலிருந்து ஒன்றைத் தருவித்தார். நூல் சிப்பம் வைக்கிற தட்டில் நான் குந்தினேன். நூற்றுத் தொண்ணூறு ராத்தல்.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ங்க இருக்கு," என்றார். "அதுல உள்பக்கம் சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி ஏதாவது ஒட்டிக்கிட்டா வழி சிறுத்துப்போகும். மேடு ஏறும்போது இதயம் கூட ரத்தம் கேக்கும், குழாய் குடுக்காது. அதுதான் வலி. ஒட்டறது என்னன்னா, கொலஸ்டரால்னு மெழுகு மாதிரி ஒரு வஸ்து. எல்லார் ரத்தத்துலயும் அது உண்டு, இல்லாம உடம்பே கிடையாது. மிஞ்சினாத்தான் ஆபத்துன்னு சில பேர் சொல்றாங்க. நாளைக்குக் காலைல ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம் எதுவும் சாப்பிடாம வாங்க."

செவ்வாய்ப்பேட்டையில் பாவாயியின் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் போய், எங்கள் முறை வர மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"காபி?"

"அதெல்லாம் பழக்கமில்லீங்க. ராத்திரி ரெண்டு வாய் சோறு. அதோட சரி."

பொய் சொன்னதாக எனக்கு நினைப்பில்லை. பக்கத்தில் நின்ற பாவாயியும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாள்.

கண்ணாடிப் பீச்சுக்குழலில் ரத்தம் எடுத்தார். அது உறைந்து பிரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நானே போய்ப் பார்த்தேன். வெள்ளை. டாக்டர் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, சாய்த்து, மறுபடி நிமிர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்துப் பாவாயி என் சட்டைக் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

"பட்டினி வயித்துல இவ்வளவு கொழுப்பு ரத்தத்துல மிதக்கக் கூடாது," என்றார். "இதுல மெழுகை அளக்கக்கூட முடியாது, கலங்கிப் போயிருக்கு. நெஞ்சுவலியும் இருக்கு, அண்ணன் கதையும் இருக்கு. ஆறு வாரம் கால் தரையில படக் கூடாது. அப்புறமும் பழைய வேலைக்குப் போகலாமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அன்றே கட்டிலில் போட்டார்கள்.

கட்டில் என்பது என்னைப் போன்றவனுக்கு என்ன என்று எப்படிச் சொல்வேன்? பாதங்கள் இரண்டும் போர்வைக்கு அடியில் வேலை பறிபோன வேலைக்காரர்களைப் போலக் கிடந்தன. ஜன்னல் வழியே ஒரு வேப்பமரத்தின் பாதி தெரிந்தது. மீதிப் பாதியைப் பார்க்க நான்கு எட்டு வைத்தால் போதும். அந்த நான்கு எட்டு எனக்கு இல்லை. பாதையெல்லாம் எனக்குள் ஓடியது. வைகுந்தம் ஊர் வளைவு, காவேரிக் கரை, சுண்ணாம்புக்கல் வெள்ளையாய்த் தெரியும் மேடுகள். கண்ணை மூடினால் நடந்தேன். திறந்தால் சுவர். அண்ணனின் வயதுக்கு எனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அந்தச் சுவரில் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

நெய், கறி, முட்டை மூன்றும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளி வீட்டார் சமைத்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு கொட்டகை உண்டு. பாவாயி அங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ராகிக் களியும் கொள்ளு ரசமும் வைத்தாள். தாளிக்காத ரசம். கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இதெல்லாம் ஒரு சோறாங்க? எலும்பு தெரிஞ்சு போச்சு உங்குளுக்கு."

எலும்பு எங்கே தெரிந்தது? நூற்றுத் தொண்ணூறு ராத்தலில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் அங்கப்பன் என்று ராசிபுரத்து நெய் வியாபாரி. குடலிறக்கத்துக்கு வெட்டித் தைத்திருந்தார்கள். அறுபது வயது. எடை போட்ட அன்று நூல் மண்டித் தராசு முனகியதாக அவரே சொல்வார். சிரித்தால் தையல் வலிக்கும், ஆனாலும் சிரிப்பை நிறுத்த மாட்டார்.

"ஏனுங்க ஜவுளிக்காரரே, நெய்யி விக்கிறவன் நானு. பாலு ஏறுனது உங்க ரத்தத்துலயா? தொழில மாத்திக்கலாமுங்க."

எதிர்க் கட்டிலில் சென்னியப்பன், குமாரபாளையத்துத் தறிக்காரப் பையன். இருபத்திரண்டு வயது. மலேரியா. போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத மெலிவு. அவனுக்குத் துணையாக அவன் தாயார்.

டாக்டர் படுக்கையில் இருந்த எல்லோருடைய ரத்தத்தையும் ஒரு தரம் எடுத்துப் பார்த்திருந்தார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பக்கத்தின் மேலே வயது, ஓரத்தில் எடை, நடுவே கட்டம் கட்டமாக. ஒரு மத்தியானம் என் கட்டிலருகே உட்கார்ந்து அதை விரித்துக் காட்டினார். அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"வயசு ஏற ஏற இந்த மெழுகு ஏறும்னு மத்த தேசத்துல எழுதியிருக்காங்க. இருபதுல ஓர் அளவு, நாற்பதுல அதைவிடக் கூட. அம்பது தாண்டி எங்கேயோ நின்னுடும், சிலருக்கு இறங்கவும் இறங்கும். உடம்பு பெருத்தவங்களுக்கு மெலிஞ்சவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா இருக்கும். நம்ம ஜனங்களுக்கு எப்படின்னு பார்க்கலாம்னு இதை ஆரம்பிச்சேன்." விரலால் ஒரு கட்டத்தைத் தட்டினார். "இதைப் பாருங்க. அங்கப்பன். வயசு இருக்கு, எடை இருக்கு. ரத்தத்து நீர் ஊத்துத் தண்ணி மாதிரி தெளிவு. இது சென்னியப்பன். வயசும் இல்ல, எடையும் இல்ல. உங்களை மாதிரியே வெள்ளை. கிராமத்துலேர்ந்து வர்ற பாதிப்பேர் இப்படித்தான். என்ன நியாயத்துல சேர்க்கறது இதை?"

"எங்கண்ணனும் மெலிஞ்சவருங்க," என்றேன்.

"உங்க அண்ணன் ரத்தத்தை நான் பார்க்கல. பார்க்காததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தை எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. ஊரில் எல்லோரும் பார்க்காததைப் பற்றித்தான் சொன்னார்கள். என் கட்டத்தையும் பார்த்தேன். நாற்பத்தேழும் நூற்றுத் தொண்ணூறும் சந்திக்கிற மூலையில் 'பால் போல' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மறுபடி ரத்தம் எடுப்பதாகச் சொன்னார். இப்போதும் பால் நிறமாகவே இருந்தால் என்னை மதராசுக்கு அனுப்புவதாகவும், நெஞ்சின் ஓட்டத்தை மின்சாரத்தால் படம் பிடிக்கும் யந்திரம் அங்கேதான் இருப்பதாகவும் சொன்னார். பாவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். மதராசு என்றால் அவளுக்குத் திரும்பி வராத ஊர்.

பத்தாம் நாள் விடியற்காலையில் அவள் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பித்தளைத் தம்ளர்.

"வெரசாக் குடிச்சுருங்க. மறுக்கா ரத்தம் எடுக்கறாங்களாமா. பத்து நாளாத் தாளிப்புக்கூட இல்லாமப் படுத்திருக்கறீங்க. மயங்கி உழுந்துட்டா நானென்ன பண்ணுவேன்?"

உதட்டில் வைத்திருப்பேன். நர்ஸ் மேரி வந்துவிட்டாள். சேலத்துப் பெண், பாதிரிமார் பள்ளியில் படித்தவள், குரலில் பிரம்பு உண்டு.

"என்ன குடிக்கிறீங்க? சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல?"

"சாப்பாடு இல்லீங்கம்மிணி," என்றாள் பாவாயி. "நல்லெண்ணெதான்."

"எண்ணெயா!"

"ஆமாங்க. ஒரு தம்ளரு. ரத்தம் போற அன்னிக்கு ஒடம்பு ஓஞ்சு போகக் கூடாதில்லீங்களா? போன தடவயும் குடுத்துத்தான் கூட்டியாந்தேன். அப்ப நாட்டுக்கோழி முட்ட ரெண்டு ஒடச்சு ஊத்தியிருந்தேன். இப்ப முட்ட சேக்கலீங்க, டாக்டரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு."

மேரி தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷியான பெண்ணுக்கு நல்லெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்கு நல்லெண்ணெய், கிணற்றில் கவலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்துக் களைத்தவனுக்கு நல்லெண்ணெய். அது தெம்பு. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து எண்ண யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. 'என்ன சாப்பிட்டீங்க' என்று அவர் கேட்டபோது, தொண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே 'ஒண்ணுமில்லீங்க' என்று சொன்னவன் நான்.

டாக்டர் கையில் தம்ளரோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அன்னிக்கு இதைக் குடிச்சீங்களா?"

"குடிச்சேனுங்க."

"இவ்வளவும்?"

"ஆமாங்க. முட்டையோட."

பாவாயி அழ ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் பாலு நாங் குடுத்த எண்ணெதானுங்களா சாமி? நானே அவருக்கு வெசத்த ஊத்திப்போட்டனா?"

"விஷம் இல்லம்மா," என்றார் டாக்டர். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, குரல் இறங்கிவிட்டது. "குடிச்ச எண்ணெய் வயித்துலேர்ந்து ரத்தத்துக்கு வரும். சில மணி நேரம் வெள்ளையா மிதக்கும். அப்புறம் உடம்பு எடுத்துக்கும், தெளிஞ்சுடும். மிதக்கற நேரத்துல நான் எடுத்துப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான்."

பிறகு அப்படியே நின்றார். நின்றவர் மெதுவாக எதிர்க் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க பையனுக்கு ரத்தம் எடுத்த அன்னிக்கு..."

சென்னியப்பனின் தாயார் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கொஞ்சூண்டுதானுங்க சாமி. அரத் தம்ளரு. புள்ள எப்புடி இருக்கறான் பாருங்க, ரத்தத்த வேற எடுக்கறீங்கன்னா..."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். கட்டில் கட்டிலாகப் போனார். வராந்தாவில் குந்தியிருந்த பெண்களிடம் போனார். எண்ணெய் கொடுத்தீர்களா, எண்ணெய் கொடுத்தீர்களா. ஆமாங்க, ஆமாங்க, வெண்ணெய்ங்க, ஆட்டுக்கால் ரசமுங்க. ஒவ்வொரு ஆமாங்கவுக்கும் ஒரு கட்டத்தின் மேல் பென்சிலால் கோடு இழுத்தார். கடைசியில் அங்கப்பனிடம் வந்தார்.

"உங்களுக்கு?"

"நமக்கு ஊத்திக் குடுக்க யாருங்க இருக்கறாங்க?" என்றார் அங்கப்பன். "ஊட்டுக்காரி போயி ஒம்பது வருசமாச்சு. நெசமாலுமே வெறும் வயித்தோடதான் வந்தேன்." வழக்கம்போலச் சிரித்தார். தையல் வலித்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எட்டு மாத உழைப்பு மடியில் கோடு கோடாகக் கிடந்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வயசையும் எடையையும் அளக்கறேன்னு நினைச்சேன்," என்றார். "யார் வீட்டுல அன்பா கவனிச்சுக்கறாங்கங்கறதை அளந்திருக்கேன்."

இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டாம் நாள், முறையாக ரத்தம் எடுத்தார். முந்தின இரவு என் கட்டிலருகே மேரி காவலுக்கு நாற்காலி போட்டுக்கொண்டாள். பாவாயி தன் எண்ணெய்ப் புட்டியை அவளிடமே கொடுத்துவிட்டிருந்தாள். காலையில் குழாய் ஜன்னலில் நின்றது. வெயில் அதன் ஊடே வந்து சுவரில் விழுந்தது. மேலே நின்ற நீர் வைக்கோல் நிறம், தெள்ளத் தெளிவு. பாவாயி அதைப் பார்த்தாளே தவிரத் தொடவில்லை. கும்பிட்டாள்.

மெழுகை அளக்கும் வேலை அன்று மத்தியானம். அந்த நீரோடு ஏதேதோ திராவகம் சேர்த்தார். பச்சையாக மாறியது, வாழைக் குருத்துப் பச்சை. எத்தனை மெழுகோ அத்தனை ஆழம் பச்சைக்கு என்றார். அளவு தெரிந்த ஒரு பச்சையைப் பக்கத்தில் வைத்து, ஒரு குழலுக்குள் இரண்டையும் பார்த்து, இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும் வரை திருகினார். என்னையும் ஒரு தரம் பார்க்கவிட்டார். பாதி வட்டம் நான், பாதி வட்டம் உலகம். நடுவில் இருந்த கோடு மங்கி மங்கி மறைந்தது.

அவர் சொன்ன எண் இப்போது நினைவில் இல்லை. சொன்ன வார்த்தைகள் இருக்கின்றன.

"உங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. பயப்படற அளவு இல்ல. அந்தக் கூடுதல் எடையால வந்ததா இருக்கலாம். வலி பொய் இல்ல, குழாய் எங்கேயோ சிறுத்திருக்கு. ஆனா கட்டில்ல கிடக்க வேண்டியவர் இல்ல நீங்க. வயசைக் குறைக்க என்கிட்ட மருந்து கிடையாது. முப்பது ராத்தல் குறைக்க உங்களால முடியும்."

"அண்ணனோட வயசு வருதுங்க, அடுத்த தையில."

"வரட்டுமே. அது அவர் வயசு. உங்க ரத்தத்தைப் பார்த்துட்டு நான் சொல்றேன்."

கால் தரையில் பட்டது. சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. நான்கு எட்டு வைத்து வேப்பமரத்தின் மீதிப் பாதியைப் பார்த்தேன். ஒரு காக்கைக் கூடு இருந்தது. வேறு விசேஷம் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் ஒரு வாரம் வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தபின் வீட்டுக்கு அனுப்பினார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரைகள் கொடுத்தார். புறப்படும்போது பாவாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எண்ணெயும் கூடாதுங்கறீங்க, நெய்யும் கூடாதுங்கறீங்க. அவருக்குத் தெம்புக்கு என்னதானுங்க சாமி நாங் குடுக்கறது?"

டாக்டர் புது நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"தினமும் காலைல நடக்கட்டும். வேகம் எவ்வளவுன்னா, பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு முட்டினா உடனே நிக்கணும். இவர் தனியா நடந்தா ஓடிடுவார், நான் பார்த்துட்டேன். கூட ஓர் ஆள் பேசிக்கிட்டு வரணும். நீங்க போங்க."

"நானா? ரோட்டுலயா? இவருகூடவா?"

"மருந்தும்மா."

சங்ககிரிக்கு வந்த மறுநாள் கோட்டை மலை அடிவாரத்துப் பாதையில் இறங்கினோம். எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனுக்குப் பத்தடி பின்னால் வருவாள். அவளும் அப்படியே வந்தாள். நானும் பழக்கத்தில் காலை வீசிப் போட்டேன்.

"ஏனுங்க! பேச்சு எனக்குக் கேக்கலீங்க!"

நின்றேன். அவள் ஐந்தடி வந்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மீதி ஐந்தடியும் வந்தாள். பக்கத்தில் நடந்தாள். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

"பேசுங்க," என்றாள்.

"என்ன பேச?"

"அது எனக்குத் தெரியுமுங்களா? ஒடம்பு உங்குளுது."

இப்போது இத்தனை பக்கம் எழுதுகிறவனுக்கு அன்று மழைதான் கிடைத்தது. "மழை இன்னைக்கும் வராது போலிருக்குது," என்றேன்.

"அத நேத்தே சொன்னீங்க."

அப்புறம் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தன நாளு செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தீங்களே. என்னதானுங்க நெனச்சீங்க?"

சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். நாற்பத்தெட்டைச் சொன்னேன். அவளும் அதே எண்ணைத்தான் கொட்டகைப் புகையில் எண்ணிக்கொண்டிருந்தாளாம், சொன்னாள். மைல் கல் தாண்டியது. வெயில் ஏறியது. அவள் சட்டென்று நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப மீதியையும் சொல்லுங்க."